தஸ்தகீர் பாய் நடந்து அளந்த ஊர்

செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூர் அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த என் போன் விடாமல் அதிர்ந்தது. எங்கள் பழைய திருத்தணி குழுவின் வாட்ஸ்அப். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் வாழ்த்துப் படம் வருவதைத் தவிர அந்தக் குழுவில் யாரும் பேசி வருடக்கணக்காகிறது. திருப்பிப் பார்த்தேன். 'நம்ம தஸ்தகீர் பாய் காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலி. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்க' என்று ஒருவர் போட்டிருந்தார். கீழே பாயின் பழைய அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். அதில் கம்பெனியின் பெயர் தெரியாதபடி யாரோ கவனமாகக் கறுப்பு பூசியிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கறுப்புப் பட்டைதான் என் கண்ணில் பட்டது.

நான் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வருவதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நல்ல மனிதர், கடும் உழைப்பாளி, ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதியவர்தான், அவரை வேலையை விட்டு அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர். மறுநாள் குழுவை நடத்துகிறவர் என்னைக் கூப்பிட்டு, பாயோடு அதிகம் வேலை செய்தது நீங்கள்தான், நினைவாக நாலு வரி எழுதுங்கள் என்றார். எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் எழுதினால் பொய்தான் வருகிறது. அதனால் நீளமாக எழுதுகிறேன். விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே திருத்தணி லோக்கல் ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா இன்னும் கிளம்பவில்லை, உடல் வீட்டில்தான் இருந்தது. சிறிது நேரத்தில் ஆண்கள் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பெண்களோடு உள்ளே உட்கார்ந்தேன். அவர் மனைவி ஜரீனாக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் இடம் காட்டினார். அழுது முடித்திருந்தார். "மூச்சு அடைக்குதுன்னாரு. நானேதான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன். ஒடனே எடுத்தாங்க, வண்டியும் ஒடனே வந்துச்சு. ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு" என்றார். பிறகு எனக்கு ஏதோ விளக்கம் சொல்ல வேண்டும் என்பதுபோல, "டவர்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பாய் சிக்னல் கிடைக்காமல் சாகவில்லை. அப்படிச் செத்திருந்தால் செய்தித்தாளில் ஒரு பத்தி வந்திருக்கும், கம்பெனியும் வருத்தம் தெரிவித்திருக்கும். வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். அவ்வளவுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மொபைல் கம்பெனி ஒன்று தன் டவர்களில் பழைய ஆன்டெனாக்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டுகிறது. வேகம் கூடும், இன்டர்நெட் நன்றாக வரும் என்று விளம்பரம் செய்கிறது. மாட்டிய பிறகு, உண்மையிலேயே நன்றாக வருகிறதா என்று யாராவது அளந்து காட்ட வேண்டும். அந்த வேலையைக் கம்பெனி நேரடியாகச் செய்யாது, ஒப்பந்தத்துக்கு விடும். நாங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஒரு காரின் முன்பக்கத்தில் போன்களைப் பொருத்தி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சைப் புள்ளி, சுமாராக இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. மேப்பில் போதுமான அளவு பச்சை இருந்தால் கம்பெனி ஏற்றுக்கொள்ளும், எங்கள் வேலை முடிந்தது. காரில் இருந்தவர் தஸ்தகீர் பாய். அம்பத்தூரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் அனுப்பும் புள்ளிகளை மேப்பாக்கிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் என்னைத் திருத்தணிக்கு அனுப்பினார்கள். கே.ஜி.கண்டிகை தாண்டி ஓரிடத்தில் தார் ரோடு முடிந்தது. டிரைவர் ஏழுமலை வண்டியைத் திருப்பத் தயாரானார். பாய் இறங்கினார். ஜரீனாக்காவின் பழைய துப்பட்டா ஒன்றை லேப்டாப்பின் இரண்டு பக்கமும் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். ரயிலில் கடலை விற்பவர் தட்டை மாட்டிக்கொள்வதுபோல இருந்தது. போனைக் கையில் பிடித்தபடி வரப்பில் நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் இவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்றார். இவர் ஒன்றும் விற்கவில்லை, இங்கே போன் எடுக்குதா என்று மட்டும் கேட்டார். தண்ணீர்த் தொட்டியின் மூன்றாவது படியில் எடுக்கும் என்றார் அந்தப் பெண். பாய் போய் மூன்றாவது படியில் ஏறி நின்றார். போனில் சிக்னல் நிலைக்கும்வரை நின்றார். பிறகு நான்காவது படி, பிறகு இரண்டாவது. ரோட்டை மட்டும் அளந்தால் போதும் என்றுதானே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று திரும்பி வரும்போது கேட்டேன். "வண்டி போற எடம் மட்டும்தான் ஊருன்னா, பாதி சனம் ஊர்லயே இல்லீங்களே மேடம்" என்றார்.

பொறியியல் படித்தவள் நான். அவர் ஐடிஐ முடித்து, கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். அவருடைய ஆங்கில ரிப்போர்ட்டுகளை நான்தான் திருத்துவேன். சிக்னல் என்ற சொல்லில் இரண்டு எழுத்துகளைக் கடைசிவரை இடம் மாற்றியே எழுதினார். ஆனால் எந்த டவரின் எந்த ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தக் குன்று எதை மறைக்கிறது, பள்ளிப்பட்டுக்கு அப்பால் எந்தத் திருப்பத்தில் போன் ஆந்திரா டவருக்குத் தாவித் தெலுங்கில் பேச ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் கணினி அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் சொல்லும், அதுவும் பல நேரம் தப்பாக.

என் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அப்பா லுங்கித் தறி ஓட்டுகிறவர். வீட்டுக்குள் போன் சரியாக எடுக்காது. மகள் டவர் கம்பெனியில் வேலை செய்கிறாள், வீட்டில் சிக்னல் இல்லை என்று தெருவில் கேலி செய்கிறார்கள் என்று அப்பா குறைப்பட்டார். அந்த டவரில் ஒரு ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி நானே ஒரு பரிந்துரை எழுதினேன். திருப்பினார்கள். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே வீடியோ பார்த்தார். இரண்டு வாரத்தில் பாயிடமிருந்து ரிப்போர்ட் வந்தது. ஆன்டெனாவைத் திருப்பியதில் அரசுப் பள்ளிப் பக்கத்துத் தெருக்கள் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போய்விட்டன, பழையபடி திருப்ப வேண்டும். அது யார் வீட்டுக்காகத் திருப்பியது என்று அவருக்குத் தெரியும். ரிப்போர்ட் அனுப்புவதற்கு முன்பு அவர் எங்கள் வீட்டுக்குப் போய், அப்பாவோடு டீ குடித்து, விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா என்னிடம் சொன்னார்: "அந்த பாய் வந்தாருமா. பசங்க படிக்கற எடம்னாரு. சரி திருப்பிக்கோங்கன்னுட்டேன்." எனக்கு அன்றைக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தோடு நின்றிருக்கலாம். இன்னும் கீழே போவேன் என்று தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் என்ன கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். காவடியோடு மலையேறுகிற அத்தனை பேரும் மேலே போய்ப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள், ஊரில் இருக்கும் டவர்கள் திணறிப்போகும். அதற்காகக் கம்பெனி லாரிமேல் நிற்கும் தற்காலிக டவர் ஒன்றை வரவழைக்கும். அந்த வருடம் லாரியை நிறுத்தச் சொன்ன இடம் தப்பு என்று பாய் சொன்னார். சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரிகள் கேட்கவில்லை. முதல் நாள் காலையிலேயே படிக்கட்டுப் பக்கம் ஒரு போனும் வேலை செய்யவில்லை. பிறகு அவர் சொன்ன இடத்துக்கு, சரவணப் பொய்கைப் பக்கமாக, லாரியை நகர்த்தினார்கள். திருவிழா முடியும்வரை நெட்வொர்க் தாக்குப்பிடித்தது. பாராட்டுக் கடிதம் சென்னைக்காரர்களுக்கு வந்தது. பாய் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. லாரி திரும்பிப் போவதற்கு முன் இன்னும் ஒரு மாதம் இங்கேயே விடுவார்களா என்று மட்டும் கேட்டார். குன்றுக்குப் பின்னால் நாவலங்கண்டிகை என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே நிறுத்தினால் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு எடுத்துக் காட்டிவிடலாம், பிறகு நிரந்தரமாக டவர் கேட்கலாம் என்பது அவர் யோசனை. சென்னைக்காரர் சிரித்தார். திருவிழாவுக்கு வருகிறவன் ரீசார்ஜ் செய்கிறான், அந்த ஊரில் யார் செய்வார்கள் என்றார். லாரி அன்று மதியமே போய்விட்டது.

நாவலங்கண்டிகையை அப்போது நான் நேரில் பார்த்ததில்லை. பாய் அனுப்பும் புள்ளிகளில்தான் எனக்கு அந்த ஊர் தெரியும். ரோட்டுப் புள்ளிகள் நீண்ட இடைவெளி விட்டு விழும், கார் வேகம் அது. அந்த ஊரின் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அவர் நடந்த வேகம். பழைய 3ஜி கருவிகள் இருந்தவரை அங்கே சுமாராக எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அலைக்கு வேகம் இல்லை, ஆனால் தூரம் போகும், குன்றின் ஓரத்தைச் சுற்றி வளைந்து கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கம்பெனி 3ஜியை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் புதியதை மாட்டியது. புதியதற்கு வேகம் அதிகம். குன்று குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆன்டெனாவையும் திருப்பதி போகும் ரோட்டைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். காரில் போகிறவர்கள் தடங்கல் இல்லாமல் சினிமா பார்க்கலாம். நாவலங்கண்டிகையில் பேசுவதற்கு இருந்த சிக்னலும் போயிற்று. பாய் அனுப்பிய புள்ளிகள் எல்லாமே சிவப்பு.

அந்தச் சிவப்போடு ரிப்போர்ட் போனால் கம்பெனி ஏற்காது. மாதம் முடிய நான்கு நாட்கள் இருந்தன. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கார் போகாத இடத்தை அளக்கச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டார். அந்தப் புள்ளிகளை எடுத்துவிடு என்றார். எடுத்தால் மேப்பில் வெற்றிடம் தெரியும், கேள்வி வரும் என்றேன். அப்படியென்றால் நில வகையை மாற்று என்றார். எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வகை உண்டு. குடியிருப்பு, வயல், ஏரி, காடு, மலை. காட்டுக்கும் மலைக்கும் சிக்னல் கட்டாயமில்லை. இந்த வேலை கை நழுவினால் அடுத்த மாவட்டத்து ஒப்பந்தம் போய்விடும், உன் குழுவில் எத்தனை பேர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார் என்றும் சொன்னார். எனக்கும் வீட்டில் காரணங்கள் இருந்தன. அவற்றை இங்கே எழுதினால் இரக்கம் கேட்பதாக ஆகும். நான் மவுஸால் அந்த ஊரைச் சுற்றிக் கோடு இழுத்தேன். குடியிருப்பு என்று இருந்ததை மலை என்று மாற்றினேன். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மேப் முழுவதும் பச்சையாக அழகாக இருந்தது.

அளந்தவர் கையெழுத்துக்காக அது பாயிடம் போனது. அரை நாள் கழித்துக் கூப்பிட்டார். நாவலங்கண்டிகை எங்கே என்று கேட்டார். அந்தப் பகுதி மலையில் வருகிறது பாய், சுற்றிலும் மலைதானே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

"அங்க ரேஷன் கட இருக்குது மேடம். பால் சொசைட்டி இருக்குது. ஒரு ஊரையே மலை ஆக்கிட்டீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். சிவப்பாகவே விட்டுவிடலாம், வேலை போனால் போகட்டும் என்கிறீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை உங்களில் பலர் வேறு சமயங்களில் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள்: "செவப்புன்னு போட்டா எவனாவது ஒருத்தன் வந்து பாப்பான். பச்சைன்னு போட்டுட்டா அப்புறம் எவனும் வர மாட்டான்." அவர் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கான கட்டத்தில் 'அவருக்காக' என்று எழுதி நானே போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் டிரைவர் ஏழுமலை. நாவலங்கண்டிகை ரேஷன் கடையில் கைரேகை வைத்தால்தான் அரிசி. கைரேகை இயந்திரத்துக்குச் சிக்னல் வேண்டும். கடையை நடத்தும் குமாரி என்ற பெண் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறுவார். ஊர் மொத்தமும் பின்னால் ஏறி, விரலை வைத்துவிட்டு இறங்கி வந்து அரிசி வாங்கும். முனுசாமி என்ற பெரியவர் ஒரு மழை நாளில் பாறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. அந்த வாரம்தான் பாய் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்.

கம்பெனித் தரப்பில் வந்த அதிகாரி ஒரு மேப்பை விரித்தார். இங்கே குடியிருப்பே இல்லையே, மலை என்றுதானே இருக்கிறது என்றார். ஊர்க்காரர்கள் முப்பது பேர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாராம். பாய் தன்னுடைய சிவப்புப் புள்ளிகளின் தாளைக் காட்டினார். அதில் யாருடைய ஒப்புதலும் இல்லை, இதில் பொறியாளர் கையெழுத்து இருக்கிறது என்றார் அதிகாரி. நீங்கள் யார் என்று கேட்டார். "அந்த ஏரியாவ அளந்தவன் நான்தான் சார்" என்றார் பாய். மனுவை வாங்கிக்கொண்டார்கள், பரிசீலிக்கப்படும் என்றார்கள். பாயின் பெயரை மட்டும் உடனே பரிசீலித்தார்கள். பத்து நாளில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று கடிதம் போனது. அவருக்குப் பிரிவு உபசாரம் எதுவும் நடக்கவில்லை. நம்மில் யாரும் கேட்கவும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு அவர் திருத்தணி பஸ் ஸ்டாண்ட் அருகே குடை போட்டு உட்கார்ந்து சிம் கார்டு விற்றார். ஊருக்குப் போகும்போது இரண்டு முறை பஸ்ஸிலிருந்து பார்த்தேன், இறங்கவில்லை. மூன்றாவது முறை இறங்கினேன். ஸ்டூலில் உட்காரச் சொன்னார். மேடம் என்றுதான் கூப்பிட்டார். ஜரீனாக்கா நலமா என்றேன், என் அப்பாவின் முதுகுவலி எப்படி என்று கேட்டார். நான் பேச வந்ததைப் பேசுவதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார் பாய். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார் வந்தவர். "உங்க ஊருல இது எடுக்காதுங்க. எதிர்க் கடையில வேற கம்பெனி வெச்சிகினு இருக்காரு, அங்க வாங்குங்க" என்றார் பாய். வந்தவர் எதிர்க் கடைக்குப் போனார். இப்படித்தான் விற்கிறீர்களா பாய் என்று கேட்டேன். நாளைக்கு அவர் திரும்பி வந்து இதே குடையடியில் நின்று கேட்பாரே என்றார். அவரிடம் கேட்டுவிட்டு எதிர்க் கடையில் வாங்குவதற்காகவே ஜனங்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மூன்று மாதத்தில் சிம் கம்பெனி குடையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நான் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை. சென்னை பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நாவலங்கண்டிகைக்கு டவர் வந்தது. மனுவால் வரவில்லை. போன வருடம் ரியல் எஸ்டேட்காரர்கள் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த வயல்களை வாங்கி, பிளாட் போட்டு, வளைவு கட்டி, பக்கத்தில் பெரிய பலகை வைத்தார்கள். அந்தப் பலகையில் இருந்த வசதிகளில் அதிவேக இன்டர்நெட்டும் ஒன்று. இரண்டே மாதத்தில் டவர் எழும்பியது. இன்னும் ஒரு வீடுகூடக் கட்டாத மனைகளுக்கு வந்த சிக்னல், வழியில் இருந்த ஊருக்கும் கிடைத்தது. அன்று பாய் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். அவர் போனில் சிக்னல் முழுதாக இருக்கும் படம், அதன் கீழே, 'மேடம், நாவலங்கண்டிகை எடுக்குது.' ஒரு குத்தலும் இல்லை. சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும், விஷயம் புரிகிற ஆளாக இருக்க வேண்டும், அதற்கு நான்தான் கிடைத்தேன் போலிருக்கிறது. நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன். எங்களுக்குள் கடைசியாக நடந்த பேச்சு அதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் நாவலங்கண்டிகைக்குப் போனேன். ஆட்டோ ஊருக்குள் வரை போயிற்று, இப்போது ரோடு இருக்கிறது. ஓட்டு வீடுகள், சில மாடி வீடுகள், நடுவில் ஒரு புங்க மரம், பால் சொசைட்டியின் நீலக் கதவு. ரேஷன் கடையில் குமாரி சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். பாயோடு வேலை செய்தவள் என்றதும் தராசை விட்டு எழுந்து வந்தார். அவர் இறந்தது தெரிந்திருந்தது. ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து அடக்கத்துக்குப் போய் வந்திருந்தார்கள். என்னை முனுசாமியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெரியவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாய் வாரம் ஒருமுறை வந்து இவரைத் திருப்பிப் போட்டு, முதுகு துடைத்து, ஆந்திராவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுக் கொடுப்பார் என்றார் குமாரி. பெரியவர் யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் குமாரியிடம் சொன்னேன். உங்கள் ஊரை மலை என்று போட்ட மேப்பில் இருந்த கையெழுத்து என்னுடையது என்று. அவர் என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரு போட்டதுன்னு நாங்க பாய அத்தினி வாட்டி கேட்டோம்" என்றார். "கம்பெனின்னுதான் சொன்னாரு. ஒரு வாட்டிகூட உங்க பேர சொல்லலீங்க."

பிறகு கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று போய்விட்டார். வாங்க என்றோ போங்க என்றோ சொல்லவில்லை.

இதை எழுத ஆரம்பித்த வாரத்தில் எனக்கு வேறொரு மாவட்டத்தின் மேப் வந்தது. இப்போது 5ஜி. அங்கேயும் ஒரு மூலையில் சிவப்பு, அங்கேயும் அதே யோசனையைச் சொன்னார்கள். நான் நில வகையை மாற்ற மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள். அது ஊர் என்றேன். கொஞ்ச நேரம் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, என் கணக்கிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து அடுத்த மேசையில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்பினார்கள். கெட்டிக்காரப் பெண். நான் என் மேசைக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு இழுத்து, மலையாக்கி, கையெழுத்துப் போட்டு அனுப்ப அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள்.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த அரை மணி நேரம்தான். நான் மறுத்ததால் அந்த நேரம் மட்டும் அந்த மேப்பில் அது ஊராக இருந்தது. அதனால் அங்கே இருக்கிற யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அவர் இருந்திருந்தால், அது எந்த ஊர் மேடம் என்று கேட்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பார்.